ஆயா, கார்ட்டிசால், அப்புறம் ஒரு பார்வர்டு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோவமான பதிவும்கூட. நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுற பய. ஆனா படிச்சுட்டுத்தான் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை காலையில டீ கிளாஸும் கையுமா உக்காந்திருந்தேன். அம்மா பக்கத்துல வந்து உக்காந்து போனை நீட்டிச்சு. "இத்தைப் படி." வழக்கமான ரோஜாப்பூ குட்மார்னிங் சமாச்சாரமா இருக்கும்னு, "அப்பால பாக்கறேம்மா"ன்னேன். அம்மா போனை எடுக்கல. நீட்டினது நீட்டினபடியே இருந்துச்சு.

வாங்கிப் பாத்தேன். "வேலைக்குச் செல்லும் தாய்மார்களே, இதை அவசியம் படியுங்கள்"னு ஒரு பார்வர்டு. குழந்தைக்கு மூணு வயசு ஆகறதுக்குள்ள அம்மா வேலைக்குப் போனா, அந்தக் குழந்தையோட ரத்தத்துல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறிடுமாம். ஏறினது இறங்கவே இறங்காதாம். பிற்காலத்துல பிரஷர், சுகர், மனநோய் எல்லாம் அதனாலதானாம். மேல்நாட்டு விஞ்ஞானிகள் நிரூபிச்சுட்டாங்களாம். நம்ம முன்னோர்கள் இது தெரிஞ்சுதான் பொம்பளைங்களை வீட்டுலயே வெச்சிருந்தாங்களாம். கடைசியில ரெண்டு கும்பிடு பொம்மை.

எனக்கு வயசு 28. போன மாசம் ஆபீஸ்ல உடம்பு செக்கப் பண்ணினப்ப பிரஷர் 140/96னு வந்துச்சு. அது வீட்டுக்குத் தெரியும்.

அம்மா கேட்டுச்சு. "உனக்கு பிரஷர் வந்தது, நான் உன்னை வுட்டுட்டு வேலைக்குப் போனதாலயாடா?"

மக்களே, இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். அந்த பார்வர்டை எழுதின மகானுபாவன் யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நேர்லயே கேட்டிருப்பேன்.

இப்ப ஒரு சின்ன கொசுவத்தி. எங்க வீடு பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு சந்துக்குள்ள. ஒரே வாசல், எட்டுக் குடித்தனம், ஒரு அடிபம்பு. அப்பா லாரி ஓட்டினாரு. ஹார்பர்ல லோடு இருந்தா காசு, இல்லாட்டி இல்ல. அதனால நான் பொறந்த மூணாவது மாசமே அம்மா பக்கத்துல இருந்த ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போயிடுச்சு. கம்பெனிக்காரன் காலத்துல துணி வெளுக்க ஆளுங்களைக் குடிவெச்ச பேட்டை இது. இன்னிக்கும் எம்.சி. ரோட்டுல ஓடுறது துணி வியாபாரம்தான். எங்க ஏரியாப் பொம்பளைங்க வேலைன்னு போனா, முக்காவாசி துணியைச் சுத்தித்தான்.

என்னைப் பாத்துக்கிட்டது எதிர் போர்ஷன் ஆயா. (வெளியூர் ஆளுங்களுக்கு: எங்க பக்கம் ஆயான்னா பாட்டி. ஸ்கூல்ல மூக்கு தொடைச்சு விடுற ஆயா இல்ல. ஆனா இந்தப் பதிவுக்கு அந்த அர்த்தமும் வேணும், ஞாபகம் வெச்சுக்குங்க.) காலையில இட்லிக் கடை போடும். பத்து மணிக்கு மேல நான் அதோட இடுப்புலதான். நான் மொதல்ல "அம்மா"ன்னு கூப்பிட்டதே ஆயாவைத்தான். சாயங்காலம் அம்மா வந்து கையை நீட்டினா, ஆயா கழுத்தைக் கட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அழுவேனாம். இதை அம்மா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். இத்தனை வருஷமா நானும் அதை ஜோக்குன்னே நெனச்சுட்டிருந்தேன். போன ஞாயித்துக்கிழமைதான் அது ஜோக்கு இல்லன்னு புரிஞ்சுது.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த மாதிரி பார்வர்டுல பெரிய ஆபத்து என்னன்னா, முழுப் பொய்யா இருக்காது. கால்வாசி உண்மை இருக்கும். அந்தக் கால்வாசியை மொதல்ல ஒழுங்கா பேசிடுவோம்.

சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கு அட்ரினல் சுரப்பி. கார்ட்டிசால் அங்கேருந்துதான் வருது. பயம், பதட்டம், பட்டினின்னா மூளையில இருக்குற ஹைப்போதலாமஸ் உத்தரவு போடும். அது பிட்யூட்டரிக்குப் போகும், பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லும், கார்ட்டிசால் கொட்டும். கார்ட்டிசால் கெட்ட வஸ்து இல்ல. காலையில நம்மளை எழுப்பி விடுறதுல அதுக்கும் பங்கு உண்டு. காலையில உச்சத்துல இருந்து ராத்திரிக்குள்ள இறங்கிடும். அதுதான் கணக்கு.

முக்கியமான விஷயம் அதை நிறுத்துறது. மொட்டை மாடி டேங்க் ரொம்பினதும் மோட்டார் தானா நிக்க ஆட்டோ கட்-ஆஃப் மாட்டுறோம் இல்ல, அதே சமாச்சாரம். ரத்தத்துல கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும், மூளையில ஹிப்போகாம்பஸ் மாதிரி இடங்கள்ல இருக்குற ஏற்பிகள் அதைக் கண்டுபிடிச்சு "போதும், நிறுத்து"ன்னு சொல்லணும். ஏற்பி கம்மின்னா சென்சார் மந்தம். டேங்க் வழிஞ்சாலும் மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல அரியர் வெச்சு கிளியர் பண்ணின எனக்கே இது புரியுது, உங்களுக்குப் புரியாதா?

இந்த சென்சார் எத்தனை, எவ்வளவு கூர்மைங்கறது பொறந்த கொஞ்ச நாள்லயே ஓரளவுக்கு செட் ஆகுது. இதை எலிகள்ல காட்டினது கனடாவுல மான்ட்ரியால்ல இருக்குற மெக்கில் பல்கலைக்கழகத்து மைக்கேல் மீனி குழு. 1997ல வந்த ஆய்வு. சில தாய் எலிங்க குட்டியை நிறைய நக்கி நீவி விடும், சிலது கம்மியா. பொறந்த மொத வாரத்துல நிறைய நக்கப்பட்ட குட்டிங்க பெருசானப்ப, அதுங்க ஹிப்போகாம்பஸ்ல ஏற்பிகள் அதிகம். மிரட்டினா ஹார்மோன் ஏறுது, ஆனா சீக்கிரம் இறங்கிடுது. 2004ல அதே குழுவும் மோஷே சிஃபும் இன்னும் ஒரு படி போனாங்க. அந்த ஏற்பியை உண்டாக்குற ஜீன் மேல ஒட்டியிருக்குற மெத்தில் குறிகள், நக்கின அளவைப் பொறுத்து மாறியிருக்குன்னு காட்டினாங்க. ஜீன் அதேதான். அது வேலை செய்யற அளவு மாறுது.

பார்வர்டு எழுதினவர் இதுவரைக்கும் கேள்விப்பட்டிருக்கலாம். இதோட நிறுத்திட்டாரு பாருங்க, அங்கதான் கோவம் வருது.

அதே ஆளுங்க 1999ல இன்னொண்ணு செஞ்சாங்க. கம்மியா நக்குற தாய்க்குப் பொறந்த குட்டியை எடுத்து, நிறைய நக்குற தாய்கிட்ட வளரவிட்டாங்க. அந்தக் குட்டி பெருசானப்ப யாரு மாதிரி இருந்துச்சு? பெத்த தாய் மாதிரி இல்ல. வளர்த்த தாய் மாதிரி. தேவகியா யசோதையான்னு கேட்டா, எலி யசோதைன்னு சொல்லுது.

எலிக்கதை வேணாம், மனுசன் கதை சொல்லுன்னு கேப்பீங்க. அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல மேகன் கன்னர்னு ஒரு அம்மா, குழந்தைங்க எச்சிலைப் பஞ்சுல எடுத்து கார்ட்டிசால் அளக்குறதுல பேர் போனவங்க. அவங்க குழு 1992ல வெளியிட்ட ஆய்வு இது. ஒம்பது மாசக் குழந்தைங்களை அம்மாகிட்டேருந்து 30 நிமிஷம் பிரிச்சு வேற ஒருத்தர்கிட்ட விட்டாங்க. சில குழந்தைங்களுக்குக் கெடைச்சவங்க சிரிச்சுப் பேசி, கூட விளையாடி, முகம் மாறினா உடனே கவனிச்சாங்க. மத்த குழந்தைங்களுக்குக் கெடைச்சவங்க, அழுதா வந்து சமாதானம் பண்ணுவாங்க, மத்தபடி தன் வேலையைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. ரெண்டாவது வகை ஆளுகிட்ட இருந்த குழந்தைங்களுக்கு கார்ட்டிசால் ஏறிச்சு. மொத வகை ஆளுகிட்ட அந்த ஏத்தம் இல்ல. ரெண்டு பக்கமும் அம்மா ரூம்ல இல்லங்கறதை கவனிங்க. வித்தியாசம், அந்த நேரத்துல இருந்த ஆள் யாரு, எப்படிப் பாத்துக்கிட்டாங்கங்கறதுல.

எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மொத வகை ஆளா எப்படி இருக்கணும்னு யாரும் பயிற்சி குடுக்கல. ஆனா அது மொத வகைதான்.

இதே கன்னர் குழுவும் மத்தவங்களும் பின்னாடி டே-கேர் மையங்கள்லயும் அளந்தாங்க. முழுநாளும் மையத்துல இருக்குற சின்னக் குழந்தைங்க பல பேருக்கு, மதியத்துக்கு மேல இறங்க வேண்டிய கார்ட்டிசால் இறங்காம ஏறுது. உண்மைதான், நான் மறைக்கல. பார்வர்டுக்கு இதுதான் பிடிமானம்னு நெனைக்கிறேன். ஆனா கவனிப்பு மட்டமா இருக்குற எடத்துல அது அதிகம், கவனிப்பு நல்லா இருக்குற எடத்துல கம்மி. ஒரு மதியம் ஏறினது ஆயுசுக்கும் இறங்காதுன்னு அந்த ஆய்வுகள் சொல்லவும் இல்ல. அது பார்வர்டுக்காரரோட சொந்தச் சரக்கு.

அடுத்தது, எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆய்வு. இதோட கதாநாயகன் நம்மூர்க் குரங்கு. மலைக்கோயில் படியில வாழைப்பழத்தைப் புடுங்கிக்கிட்டு ஓடுமே, தலையில நடுவகிடு எடுத்த மாதிரி முடியோட, அதே நாட்டுக்குரங்கு. அமெரிக்காவுல புரூக்ளின்ல ரோசன்பிளம்னு ஒருத்தர் இந்தக் குரங்குகளை வெச்சு ரொம்ப வருஷம் ஆராய்ச்சி பண்ணினாரு. குட்டி வெச்சிருக்குற தாய்க்குரங்குங்களை மூணு விதமா வெச்சாங்க. மொத விதத்துக்கு இரை எப்பவும் சுலபமா கெடைக்கும். ரெண்டாவதுக்கு எப்பவும் கஷ்டப்பட்டுத் தேடணும். மூணாவதுக்கு கொஞ்ச நாள் சுலபம், கொஞ்ச நாள் கஷ்டம், மாத்தி மாத்தி. எந்தக் குட்டியும் பட்டினி கெடக்கல. எந்தத் தாயும் குட்டியை விட்டுட்டு எங்கயும் போகல.

எது ரொம்ப பாதிக்கப்பட்டுச்சு? நான் ரெண்டாவதுன்னு நெனச்சேன். இல்ல, மூணாவது. என்னிக்கு எப்படி இருக்கும்னு தெரியாத தாய்க்கு, குட்டி மேல வெக்கிற கவனம் சிதறிப் போச்சு. அந்தக் குட்டிங்க வளந்தப்புறம் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பாத்தாங்க. கார்ட்டிசாலுக்கு மொத உத்தரவு போடுற சிஆர்எஃப்ங்கற பொருள் மத்த ரெண்டு விதத்தை விட அதிகமா இருந்துச்சு. 1996ல வந்த ஆய்வு.

இதைப் படிச்சப்ப எனக்கு அப்பாவோட லாரி ஞாபகம் வந்துச்சு. லோடு இருந்தா காசு, இல்லாட்டி இல்ல. அம்மா வேலைக்குப் போகாம வீட்டுலயே என்னை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, நாங்க அந்த மூணாவது விதம்தான். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய் வாராவாரம் ஒரே தொகையை வாங்கி வந்து அரிசி டப்பாவை ரொப்பினதால, வீட்டுல நாளைக்கு என்னங்கற பயம் கொறைஞ்சுது. பார்வர்டு பாஷையிலயே சொல்றேன்: எங்கம்மா வேலைக்குப் போனதே என் கார்ட்டிசாலைக் காப்பாத்தத்தான்யா!

அப்ப உண்மையிலேயே கெட்டுப்போறது எப்பன்னு கேட்டா, அதுக்குப் பதில் ருமேனியாவுல இருக்கு. அங்க சௌஷெஸ்குன்னு ஒரு சர்வாதிகாரி. ஜனத்தொகையைப் பெருக்கணும்னு 1966ல கருக்கலைப்பைத் தடை பண்ணினாரு. பெத்தவங்களால வளக்க முடியாம அரசு விடுதியில விட்ட குழந்தைங்க, 1989ல ஆட்சி கவுந்தப்ப ஒரு லட்சத்துக்கும் மேல. சோறு போட்டாங்க, துணி போட்டாங்க. கட்டில் கட்டிலா வரிசையா படுக்க வெச்சாங்க. ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும். அழுதா தூக்க ஒரே ஆள் இல்ல.

2000ஆம் வருஷம் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா மூணு பேரும் புக்கரெஸ்ட்ல ஒரு ஆய்வை ஆரம்பிச்சாங்க. மொத்தம் 136 குழந்தைங்க, எல்லாம் ரெண்டரை வயசுக்குக் கிட்டத்தட்ட உள்ள. குலுக்கல் மாதிரி பிரிச்சு பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. மீதிப் பேர் இருந்த எடத்துலயே. 12 வயசு வாக்குல எல்லாரையும் கூப்பிட்டு, நாலு பேர் முன்னாடி பேசச் சொல்றது மாதிரி கொஞ்சம் பதட்டம் வர்ற வேலை குடுத்து கார்ட்டிசால் அளந்தாங்க. 2015ல வெளிவந்த முடிவு: விடுதியிலேயே விட்ட பிள்ளைங்களுக்கு கார்ட்டிசால் ஒழுங்கா ஏறவே இல்ல. மந்தமாயிடுச்சு. ஊதுவத்தி ஏத்தினாலே ஓடி வர்ற தீயணைப்பு வண்டியும் தொந்தரவு, குடிசை எரிஞ்சாலும் வராத வண்டியும் தொந்தரவு. ரெண்டுமே ரிப்பேர்தான்.

ஒண்ணரை, ரெண்டு வயசுக்குள்ள வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைங்களுக்கு அது சரியாச்சு, சாதாரணக் குழந்தைங்க மாதிரியே. ரொம்ப லேட்டா போனவங்களுக்கு அந்த அளவு பலன் இல்ல. இதுலயும் அவங்களைப் பெத்தவ திரும்பி வரல. வேற ஒருத்தங்க, ஆனா தினம் ஒரே ஆள், அன்பா வளத்தாங்க. அவ்ளோதான்.

ஆகக்கூடி அறிவியல் சொல்றது இதுதான். மொத ரெண்டு வருஷம், நெலையான ஒரு ஆளோ ரெண்டு ஆளோ, கவனிச்சுப் பாத்துக்கணும். பாத்துக்கறவங்க தலைக்கு மேல கத்தி தொங்கக் கூடாது. "அம்மா வீட்டுல இருக்கணும்"ங்கறது அந்த ஆய்வுகள்ல எங்கயும் இல்ல. அது பார்வர்டுக்காரரோட தாத்தா மண்டையில இருந்தது.

நிற்க. பார்வர்டை மட்டும் திட்டிட்டுப் போனா இது பாதிப் பதிவு. மொத ரெண்டு வருஷம்தான் முக்கியம்னா, அந்த ரெண்டு வருஷத்துக்கு நம்ம நாட்டுல, நம்ம ஊர்ல யாரு என்ன பண்ணி வெச்சிருக்காங்க?

சட்டத்துல இருந்து ஆரம்பிப்போம். 1948 தொழிற்சாலைகள் சட்டம், 48ஆவது பிரிவு. ஒரு தொழிற்சாலையில 50 பெண்களுக்கு மேல இருந்தா குழந்தைகள் காப்பகம் வெக்கணும்னு இருந்துச்சு, 1976ல அதை 30ஆக் கொறைச்சாங்க. நல்ல சட்டம். அம்மா வேலை பாத்த கம்பெனியில ரிஜிஸ்டர்ல பொம்பளைங்க எண்ணிக்கை என்னிக்குமே 30ஐத் தாண்டினதில்லையாம். வேலை செஞ்சது என்னவோ அதுக்கு டபுள். மீதிப் பேர் காண்டிராக்டு. அதனால காப்பகம் இல்ல, அதனால நான் ஆயா இடுப்புல. எனக்கு ஆயா கெடைச்சது அதிர்ஷ்டம். அதே கம்பெனியில அம்மா பக்கத்துல உக்காந்து பிசிறு வெட்டினவங்க எத்தனை பேரு குழந்தையைப் பூட்டின வீட்டுக்குள்ள, ஆறு வயசு அக்காகிட்ட விட்டுட்டு வந்தாங்களோ? யாரு கணக்கு எடுத்தா?

அப்புறம் 2017ல மகப்பேறு சட்டத்தைத் திருத்தினாங்க. 26 வாரம் சம்பளத்தோட லீவு. 50 பேர் வேலை செய்யற எடத்துல காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துக்கலாம். 2020ல நிறைவேத்தின சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புலயும் அதே 50தான். என் ஆபீஸ்ல அந்தக் காப்பகம் இருக்கு. ஏசி, பொம்மை, கேமரா எல்லாம். எங்க வீட்டுத் தங்கமணி இப்ப மகப்பேறு லீவுல இருக்கா. பையனுக்கு நாலு மாசம். லீவு முடிஞ்சதும் அவனை அங்க விடறதா வீட்டுல அம்மாகிட்ட விடறதான்னு ரெண்டு வழி இருக்கு எங்களுக்கு.

மாடி வீட்டு அக்காவுக்கு? எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடையில வேலை. காலையில பத்து மணிக்குப் போனா ராத்திரி பத்து. பொண்ணுக்கு அஞ்சு மாசம். கடையில மொத்தம் ஒம்பது பேரு. 26 வாரச் சட்டம் பத்து பேர் இருந்தாத்தான் கடைக்குப் பொருந்தும். காப்பகச் சட்டம் 50 பேர் இருந்தாத்தான். 2021ல தமிழ்நாட்டுல கடைச் சட்டத்தைத் திருத்தி, நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு சொன்னாங்க. நல்ல விஷயம், சந்தோஷம். ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா, பால் கட்டி ஜாக்கெட் நனையறது நின்னுடுமா? அக்கா லீவு போட்டது 60 நாள், சம்பளம் கிடையாது. குழந்தை இப்ப முட்டிவலிக்கார மாமியார்கிட்ட. மாமியார் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு, ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு பதினோரு வயசு மூத்த பொண்ணுகிட்ட.

அதே தமிழ்நாட்டுல அரசு ஊழியரா இருந்தா 2021 ஜூலையில இருந்து 12 மாசம் மகப்பேறு விடுப்பு. நான் அதைக் கொறை சொல்லல. 12 மாசம் தேவைன்னு அரசாங்கத்துக்கே தெரியுதுங்கறேன். ஒரு அரசு டீச்சர் குழந்தைக்கு 12 மாசம், என் பையனுக்கு 26 வாரம், மாடி வீட்டுக் குழந்தைக்கு 60 நாள். மூணு குழந்தைக்கும் ஹிப்போகாம்பஸ் ஒண்ணுதானே?

"அதான் அங்கன்வாடி இருக்கே"ன்னு சொல்லுவீங்க. இருக்கு, பெருமையா சொல்லிக்கலாம். 1972லயே மீனா சுவாமிநாதன் தலைமையில ஒரு குழு பள்ளிக்கூட வயசுக்கு முந்தின குழந்தைங்களைப் பத்தி மத்திய அரசுக்கு அறிக்கை குடுத்துச்சு. 1975ல ஐசிடிஎஸ் வந்துச்சு. 1982ல எம்ஜிஆர் சத்துணவு. இன்னிக்குத் தமிழ்நாட்டுல 54 ஆயிரத்துச் சொச்சம் அங்கன்வாடி. ஊசி, எடை, சத்துமாவு, முட்டை, எல்லாம் சரி. ஆனா பகல்ல குழந்தையை உக்கார வெச்சுப் பாத்துக்கறது ரெண்டு வயசு முடிஞ்சப்புறம்தான். அதுக்கு முன்னாடி மாவு பாக்கெட்டை வீட்டுக்குக் குடுத்து அனுப்புவாங்க.

புக்கரெஸ்ட்ல எந்த வயசுக்குள்ள ஆள் வேணும்னு கண்டுபிடிச்சாங்க? ஒண்ணரை, ரெண்டு. நம்ம மையத்தோட கதவு எந்த வயசுல தொறக்குது? ரெண்டு. இதைவிடக் கச்சிதமா கோட்டை விட முடியுமா?

குழந்தை எத்தனை கிலோன்னு மாசாமாசம் எழுதறோம். பகல்ல யாரு தூக்கி வெச்சிருக்காங்கன்னு எழுத அந்த ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் இருக்கா? சோத்தை அளக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு மடியை அளக்கத் தெரியல.

மத்திய அரசு 2022ல "பால்னா"ன்னு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. அங்கன்வாடியோட சேர்த்து, ஆறு மாசக் குழந்தையில இருந்து பாத்துக்கற காப்பகம். யோசனை ரொம்ப சரி. ஆனா எண்ணிக்கையைப் பாருங்க. இலக்கு நாடு முழுக்க 17,000. நாடு முழுக்க அங்கன்வாடி கிட்டத்தட்ட 14 லட்சம். நூத்துக்கு ஒண்ணு கணக்கு.

இப்ப வழக்கமான மூணு கேள்விக்கு நானே பதில் சொல்லிடறேன்.

"அந்தக் காலத்துல கூட்டுக்குடும்பம் இருந்துச்சே." இருந்துச்சு. அங்க குழந்தையைப் பாத்தது பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆயா. அம்மா அப்பவும் வயல்லயோ, அடுப்படியிலயோ வேலைதான் பாத்தா. பெத்தவ ஒருத்தியே மூணு வருஷம் தனியா குழந்தையைப் பாத்த பொற்காலம் எந்த ஊர்ல இருந்துச்சு? எங்க பேட்டையில வெளுத்த பொம்பளைங்களும் இடுப்புல குழந்தையோடதான் இருந்திருப்பாங்க.

"எலி, குரங்கு, ருமேனியாவை வெச்சு நம்ம ஊர்க் குழந்தையைப் பேசலாமா?" நியாயமான கேள்வி. அதனாலதான் சொல்றேன், கூட்டத்துல பாத்த சராசரியை வெச்சு ஒரு ஆளைப் பாத்து "உனக்கு பிரஷர் வந்தது இதனாலதான்"னு யாராலயும் சொல்ல முடியாது. எனக்கு பிரஷர் வந்ததுக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஆணி புடுங்கறது, ஊறுகாய், அப்பாவோட பரம்பரைன்னு நெறைய காரணம் இருக்கலாம். பார்வர்டு எழுதினவர் லட்சக்கணக்கான அம்மாக்களைப் பாத்து அந்தத் தீர்ப்பைத்தான் வாசிச்சுட்டுப் போயிருக்காரு.

"காப்பகத்துக்கெல்லாம் காசுக்கு எங்க போறது?" 1982லயும் இதே கேள்வியைத்தான் சத்துணவுக்குக் கேட்டாங்க.

என்ன பண்ணலாம்? எனக்குத் தோணினது நாலு.

1. கடையை எண்ணாதீங்க, தெருவை எண்ணுங்க. ஒம்பது பேர் வேலை செய்யற கடை எம்.சி. ரோட்டுல வரிசையா இருக்கு. தனித்தனியா எண்ணினா எந்தச் சட்டமும் தொடாது. சேத்து எண்ணினா ஆயிரக்கணக்குல ஆளு. தெருவுக்கு ஒரு பொதுக் காப்பகம், கடைக்காரங்க பங்கு, மாநகராட்சி எடம். அக்கா பத்து நிமிஷம் நடந்து போய்ப் பால் குடுத்துட்டு வந்துடலாம்.

2. அங்கன்வாடிக் கதவை ஆறாவது மாசத்துல தொறங்க. எல்லா எடத்துலயும் நாளைக்கே முடியாதுன்னா, தினக்கூலிக் குடும்பங்க நெருக்கமா இருக்குற ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ல இருந்து ஆரம்பிங்க.

3. ஆயாவுக்கு ஒழுங்கா சம்பளம் குடுங்க. அங்கன்வாடி ஆளுங்களுக்கு மத்திய அரசு குடுக்கறதுக்குப் பேரே "மதிப்பூதியம்". இந்த ஆய்வுகள் படி பாத்தா அவங்க பாக்குறது மூளை கட்டுற வேலை. ஒரு ஆயாவுக்கு நாலு கைக்குழந்தைக்கு மேல குடுக்காதீங்க. வருஷத்துக்கு மூணு ஆயா மாறினா அதுவும் புக்கரெஸ்ட்தான்.

4. அப்பாக்களே, நம்மளும்தான். வளர்த்த கை யாருதுங்கறதுதான் முக்கியம்னா நம்ம கைக்கு என்ன கேடு? மத்திய அரசு ஊழியருக்கு 1997ல இருந்து 15 நாள் தந்தையர் விடுப்பு இருக்கு. மத்தவனுக்குக் கம்பெனி பாத்துப் போட்டாத்தான். எனக்குக் கெடைச்சது ஒரு வாரம். அதுல ரெண்டு நாள் கால்ல இருந்தேன், ஒத்துக்கறேன்.

ஞாயித்துக்கிழமை இதெல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். எலி, குரங்கு, எச்சில் பஞ்சு எல்லாம். பொறுமையா கேட்டுச்சு. கடைசியில, "அப்ப ஆயா நல்லாத்தான் பாத்துக்கிச்சு, இல்ல?"ன்னுச்சு. ஆமாம்மான்னேன். ஆயா 2011ல தவறிடுச்சு. அதுக்கு நாங்க வாரம் முப்பது ரூபா குடுத்தோம்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சரி, நீ மொதல்ல ஊறுகாயை வுடு"ன்னுட்டு எழுந்து போயிடுச்சு.

அந்த பார்வர்டு உங்க குடும்ப குரூப்புக்கும் வரும். வந்தா கும்பிடு பொம்மை போட்டுட்டு நகந்துடாதீங்க. அந்த குரூப்புல உங்கம்மா இருக்காங்க. படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம இருக்காங்கன்னா, ஒண்ணும் தோணலன்னு அர்த்தம் இல்ல.